பம்பைத் தின்னும் தண்ணீர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் நிறுவனத்தின் ஆட்டோலெக் பிரிவு இயங்குகிறது. வாகன எஞ்சின்களுக்கான பம்புகள் அங்கே தயாராகின்றன. ஆலைப் பக்கமிருந்து கொஞ்ச தூரம் வந்தால் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை. சித்திரை வெயிலில் கவரைப்பேட்டைக்கும் ஆரம்பாக்கத்துக்கும் இடையே போய் வருகிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஓரங்கட்டி நிற்கும் கார். பக்கத்தில், கையில் தண்ணீர் பாட்டிலோடு, எதைத் திறப்பது என்று தெரியாமல் நிற்கும் ஓட்டுநர்.

பம்பு செய்யும் ஊரிலேயே பம்பு பழுதாகி வண்டி நிற்பது வேடிக்கைதான். ஆனால் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இந்தப் பழுதுக்கும் வேறொரு உறவு இருக்கிறது. அந்த ஓட்டுநர் கையில் வைத்திருக்கும் பாட்டிலில் இருப்பது எந்தத் தண்ணீர் என்பதுதான் அது.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இன்றைய கார்களில் எஞ்சின் தலைப்பகுதி, அதாவது மெக்கானிக்குகள் சுருக்கமாக 'ஹெட்' என்று சொல்வது, அலுமினியத்தால் ஆனது. அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். உருகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அதைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும் திரவம். ஊற்றும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்தத் திரவம்தான் வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் கொட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சம் மீதியில்தான் சக்கரம் உருள்கிறது.

திரவத்தை ஓட வைப்பது வாட்டர் பம்பு. உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய பொருள். ஒரு தண்டு, அதன் ஒரு முனையில் பெல்ட் சுற்றும் புல்லி, மறுமுனையில் இறக்கைகள் கொண்ட இம்பெல்லர், நடுவே ஒரு பேரிங், ஒரு சீல். அவ்வளவுதான். வண்டி வேகமெடுக்கும்போது ஒரு சிறு காரின் பம்பு நிமிடத்துக்குச் சுமார் நூறு லிட்டர் அளவுக்குத் திரவத்தைச் சுற்றிவிடும். காரில் இருப்பது மொத்தமே நாலைந்து லிட்டர். அதே திரவம் நிமிடத்துக்கு இருபது தடவை எஞ்சினுக்குள் போய் வெளியே வருகிறது.

பம்பே இல்லாமலும் கார்கள் ஓடியிருக்கின்றன. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் முதல் 2,500 வண்டிகளுக்கு மட்டும் பம்பு இருந்தது. பிறகு ஃபோர்டு அதை எடுத்துவிட்டார். சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், அதுவே போதும் என்று விட்டுவிட்டார். இருபது குதிரைத் திறன் கொண்ட எஞ்சினுக்கு அது போதுமானதாகவும் இருந்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் வேறு வழியில் போனார். 1900–01இல் அவர் வடிவமைத்த மெர்சிடிஸ் 35 எச்.பி. காரில், 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்தார். அதற்கு முன் 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதும் என்றானது. தண்ணீர் குறையக் குறைய அதை வேகமாகச் சுற்ற வைக்கும் பம்பின் தயவில்லாமல் எஞ்சின் ஓட முடியாத நிலை வந்தது. இன்று அந்தத் தயவு அறுந்தால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடுகிறது.

பம்பு எப்படிச் சாகிறது? பெரும்பாலும் சீல் வழியாகத்தான். கார்பன் வளையம் ஒன்றும், பீங்கான் போன்ற கடினமான வளையம் ஒன்றும் ஒன்றோடொன்று அழுந்தி உரசிக்கொண்டே சுற்றுகின்றன. இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கும் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் அந்தத் திரவம்தான், உராய்வைக் குறைக்கிறது. அந்தப் படலத்தில் மணல் துகளோ, உப்புத் துகளோ, துருவோ வந்தால் வளையத்தின் முகம் கீறிக்கொள்ளும். கீறல் வழியே திரவம் கசிந்து பேரிங்குக்குள் போனால் அதிலுள்ள கிரீஸ் கரைந்து பேரிங்கும் போய்விடும். இதைத் தடுக்கத்தான் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில், பம்பின் அடிப்பக்கம் பார்த்தபடி ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். கசிவு உள்ளே போகாமல் அந்தத் துளை வழியே வெளியே சொட்டும்; வண்டிக்காரருக்கும் தகவல் தெரியும். புதுப் பம்பில் முதல் நாளில் லேசான ஈரம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சீல் படியும்வரை அப்படி இருக்கலாம். நாள்தோறும் சொட்டினால், அல்லது துளையைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், பம்பு விடைபெறத் தயாராகிவிட்டது என்று பொருள். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைக்கும் புண்ணியவான்களும் ஊரில் இருக்கிறார்கள். எச்சரிக்கை மணியின் நாக்கைப் பிடுங்கியாயிற்று. பேரிங் பாட்டுக்குத் தேய்ந்து, ஒரு நாள் புல்லியோடு பெல்ட்டும் பறக்கும்.

இனி தண்ணீருக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குப் பாதி, ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கடலில் சேரும் சமவெளி. 1960களின் பிற்பாதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு நடந்த ஆய்வுகளில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நல்ல நிலத்தடி நீர் இருப்பது உறுதியானது. சென்னை நகரத்துக்கும் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் அங்கிருந்து இறைத்தார்கள். இறைத்த வேகத்துக்கு மழை ஈடு கொடுக்கவில்லை. மீஞ்சூர் பக்கம் நிலத்துக்கடியில் கடல்நீர் உள்ளே வர ஆரம்பித்தது. 1987இல் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2010இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. நிலத்தடி நீரைக் கடல் பிடித்துக்கொண்ட வட்டாரத்தில், கடலையே குடிநீராக்க வேண்டி வந்தது.

இந்த வட்டாரத்து போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் என்ன ஆகும்? கால்சியமும் மெக்னீசியமும் சூடான உலோகச் சுவரில் படிந்து காரையாகும். காரை வெப்பத்தை எளிதில் கடத்தாது; ஆகவே திரவம் ஓடியும் எஞ்சின் சூடாகவே இருக்கும். குளோரைடு அலுமினியத்தைப் பொட்டுப் பொட்டாக அரிக்கும். இதைவிட மோசம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிரப்புகிற பழக்கம். கசியும் இடத்தில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். அந்த இடத்தை நிரப்ப மறுபடி உப்புத் தண்ணீர். அத்திப்பட்டு உப்பளத்தில் பாத்தி கட்டிச் செய்வதை இப்படி ஊற்றுகிறவர் பானெட்டுக்குள் செய்கிறார். 'தினமும் அரை லிட்டர் ஊற்றுகிறேன், வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது' என்று சொல்கிறவரின் பம்பு சீலைக் கழற்றிப் பார்த்தால், இந்த அறுவடை தெரியும்.

கூலண்ட் பற்றி நம் ஊரில் ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பனி பெய்யும் நாட்டில் தண்ணீர் உறையாமல் இருக்க அதை ஊற்றுகிறார்கள், நமக்கு எதற்கு என்பார்கள். உறைநிலையைக் குறைப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரிக்கு உயரும். அதோடு கலந்திருக்கும் வேதிப்பொருட்கள் துரு ஏறாமல் தடுக்கும். பம்பு சீலின் உரசும் முகங்களைக் காக்கும். கும்மிடிப்பூண்டியில் நமக்குத் தேவை இந்தப் பின்னிரண்டும்தான். உறைபனிக்குப் பயப்படாத ஊரில் கிளைக்கால் பங்கைக் கொஞ்சம் குறைத்தாலும் குற்றமில்லை. 30 பங்கு கூலண்ட், 70 பங்கு தண்ணீர் என்ற விகிதத்தை இங்கே பலரும் பயன்படுத்துகிறார்கள். அந்த 70 பங்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டராக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கலந்தே விற்கும் கூலண்ட் வாங்கினால் இந்தக் கணக்கும் மிச்சம்.

நிறத்தை நம்பிக் கலக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்பதெல்லாம் அந்தந்தக் கம்பெனி சேர்க்கும் சாயம். ஒரே நிறத்தில் இரண்டு வகை இருக்கும். இரண்டு நிறத்தில் ஒரே வகையும் இருக்கும். பொருந்தாத இரண்டு வகை சேர்ந்தால் சில நேரம் கூழாகத் திரண்டு ரேடியேட்டரை அடைத்துவிடும். வண்டியோடு கொடுத்த கையேட்டில் போட்டிருக்கும் வகையைப் பார்த்து வாங்குவதே பத்திரம்.

பம்பு கதையில் இன்னொரு சின்னப் பாத்திரம் ரேடியேட்டர் மூடி. இதற்கும் சென்னையின் இந்தப் பக்கத்தோடு உறவுண்டு. சுரேஷ் கிருஷ்ணா தலைமையில் 1966இல் பாடியில் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. இந்திய வாகன உதிரிபாகத் தொழில் உலகச் சந்தைக்குள் நுழைந்த கதையைச் சொல்கிறவர்கள் இன்றும் இந்த மூடியைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. வெறும் மூடிதானே என்று தோன்றும். அதற்குள் ஒரு ஸ்பிரிங் வால்வு உண்டு. உள்ளே சுமார் 1 பார் அழுத்தம் சேரும்வரை திறக்காது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் 125 டிகிரிக்கு மேலேயும் கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் தளர்ந்து அழுத்தம் நிற்காமல் போனால், பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் திரவம் குமிழ்விட ஆரம்பிக்கும். குமிழ்கள் இம்பெல்லரின் மேல் உடைந்து நொறுங்கும்போது உலோகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழி விழும். மூன்று பம்பு மாற்றியும் பிரச்சினை தீரவில்லை என்று புலம்புகிறவர் மூடியை மாற்றிப் பார்த்தாரா என்று கேட்பது நல்லது.

இனி கழற்றும் வேலை. வீட்டில் செய்யலாமா, கூடாதா என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கேள்வி: பம்பு எந்தப் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது?

பழைய அம்பாசடரில் இந்தக் கேள்வியே எழாது. எஞ்சினின் முகப்பிலேயே பம்பு. அதன் தண்டிலேயே ஃபேன். ரேடியேட்டரைக் கழற்றி வைத்துவிட்டால் பம்பு கண்ணுக்கு நேரே நிற்கும். இன்றைய ஆல்டோ கே10, வேகன் ஆர் ஆகியவற்றில் வரும் மாருதியின் கே வரிசை எஞ்சின்களிலும் நிலைமை மோசமில்லை. அவற்றில் வால்வுகளை இயக்குவது செயின். அது எஞ்சினுக்குள்ளே மூடிக் கிடக்கும். வாட்டர் பம்பை வெளியே ஓடும் ஆல்டர்னேட்டர் பெல்ட் சுற்றுகிறது. இடம் நெருக்கடி, கை சிராய்க்கும், ஆனால் செய்யலாம். பழைய எஸ்டீம், ஜிப்ஸி எஞ்சின்களில் பெல்ட் வெளியேதான் ஓடும். ஆனால் பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டையும் அவிழ்த்தாக வேண்டும். ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினில் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான்.

டைமிங் பெல்ட் என்று வந்துவிட்டால், அனுபவம் இல்லாதவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவது நல்லது. அந்தப் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டினாலே எஞ்சின் சரியாக இழுக்காது; பல பற்கள் தவறினால், பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும். அந்த வகை வண்டிகளில் பம்பை மட்டும் தனியாக மாற்றுவதும் வீண் செலவு. பெல்ட், டென்ஷனர், பம்பு மூன்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவார்கள். கூலியில் பெரும்பங்கு அங்கே போய்ச் சேர்வதற்குத்தான்.

கையில் கிரீஸ் படாமல் கார் வைத்திருப்பது இந்த வட்டாரத்தின் பழக்கமல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் 1950களிலிருந்து 80களின் இறுதிவரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. ஷெட்டில் தாங்களே பிரித்து மேய்ந்து மாற்றியமைத்த வண்டிகளோடு அங்கே வந்தவர்கள் பலர். கோவைப் பந்தய வீரர் கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரையே கட்டினார். கடம்பத்தூர் பக்கம் அதிகத்தூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. ஆலை அந்தக் காரை நிறுத்திப் பல ஆண்டுகளாகியும், தேடித்தேடிப் பாகம் வாங்கி லான்சரை ஓட வைத்திருக்கும் காதலர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்குப் பம்பு மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

பெல்ட் வெளியே ஓடும், டைமிங் பெல்ட்டைத் தொட வேண்டாத வண்டி என்றே வைத்துக்கொள்வோம். முதல் விதி, எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் தொடங்குவதே சரி. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அடங்கியிருந்த திரவம் ஒரே மூச்சில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகையோ கீழ் ஹோஸையோ தளர்த்திக் கூலண்டை அகலமான டப்பில் பிடிக்க வேண்டும். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டாண்டு முட்டுக் கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும்.

அடுத்ததில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அவசரமாகப் பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். பிறகு புல்லியின் போல்ட்டைத் திருப்பினால் புல்லியும் கூடவே சுற்றும், பிடிக்க ஒன்றும் இருக்காது. பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே புல்லி போல்ட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். அதன் பிறகு ஆல்டர்னேட்டரைத் தளர்த்தி, பெல்ட்டை எடுத்து, புல்லியைக் கழற்றினால் பம்பு தெரியும்.

பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. ஒரு அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, துளை போட்டு, எந்த இடத்துப் போல்ட்டோ அந்தத் துளையில் குத்தி வைத்துவிடுவது பழைய ஆட்களின் வழக்கம். நீளப் போல்ட்டைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால் அலுமினிய பிளாக் விரிசல் விடும். அந்தச் செலவுக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம் போலிருக்கும். போல்ட்டுகள் வந்த பிறகும் பம்பு ஒட்டிக்கொண்டே இருந்தால் மரச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்ட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை நடுவில் விட்டு நெம்பினால் முகத்தில் பள்ளம் விழும், எத்தனை பேக்கிங் வைத்தாலும் அங்கே கசியும்.

இந்த வேலையில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் சுத்தம் செய்வதுதான். பழைய பேக்கிங் காகிதமாகவோ, மெக்கானிக்குகள் அனபாண்ட் என்று சொல்லும் சிலிகான் பசையாகவோ எஞ்சின் முகத்தில் ஒட்டியிருக்கும். உள்ளே துகள் விழாதபடி துணியைத் திணித்துவிட்டு, பிளாஸ்டிக் பட்டையால் பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி உரசுகிறவர்கள் அலுமினியத்தையும் சேர்த்து உரசிவிடுகிறார்கள்.

புதுப் பம்பை மாட்டுவதற்கு முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். துளைகள் பொருந்தினால் மட்டும் போதாது. இம்பெல்லரின் அளவு, இறக்கையின் வளைவு எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். சில எஞ்சின்களில் பெல்ட்டின் முதுகுப்பக்கம் புல்லியைச் சுற்றும்; அங்கே பம்பு எதிர்த் திசையில் ஓடும். அதற்குரிய பம்பை விட்டு வேறொன்றைப் போட்டால் கசிவு இருக்காது, சத்தம் இருக்காது, வண்டி மட்டும் சூடேறிக்கொண்டே இருக்கும். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையின் கடைகளில் எந்த வண்டிக்கும் பம்பு கிடைக்கும். விலையிலும் பல படிகள் உண்டு. புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து எடுத்ததும் கிடைக்கும். கதவுக் கைப்பிடி, கண்ணாடி என்றால் புதுப்பேட்டை சரி. சீலும் பேரிங்கும் தேய்ந்து ஆயுள் குறையும் ஒரு பொருளைப் பழையதாக வாங்குவதில் பொருளே இல்லை. பெட்டியில் பிரபலக் கம்பெனியின் பெயர் இருப்பதும் உத்தரவாதம் ஆகாது. வார்ப்பு கரடுமுரடாக இருந்தால், தண்டைக் கையால் ஆட்டும்போது லேசாக ஆடினால், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பேக்கிங் எது என்பதைப் பம்பே சொல்லும். பள்ளத்தில் ரப்பர் வளையம் உட்காரும்படி இருந்தால் அதற்குமேல் பசை வேண்டாம். பசை மட்டுமே போடும் வகை என்றால் மெல்லிய, அறுபடாத ஒரு கோடு போதும். தாராளமாக அப்பினால் பிதுங்கி உள்ளே போனது ரேடியேட்டரின் நுண்குழாயை அடைக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். எம்6 அளவு போல்ட் என்றால் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும். மணிக்கட்டால் இறுக்கும் அளவு அது, தோளால் அல்ல. சரியான எண் அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டார்க் ரெஞ்சு இல்லாதவர் இந்த ஒரு நாளுக்காவது இரவல் வாங்குவது நல்லது.

கூலண்டை நிரப்புவது சுலபம் போலத் தெரியும், ஆனால் பாதிப் புகார்கள் இங்கேதான் பிறக்கின்றன. எஞ்சினுக்குள் காற்று தங்கி ஏர் லாக் ஆனால் பம்பு காற்றைத்தான் கடைந்துகொண்டிருக்கும். மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் குமிழை வெளியேற்ற வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓட விட வேண்டும். சுமார் 82 டிகிரியை ஒட்டித் தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் திடீரென்று இறங்கும், அப்போது மறுபடி ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் ஓடி, நின்று, மறுபடி ஓடும்வரை காத்திருந்து பார்த்தால்தான் வேலை முடிந்தது. மறுநாள் ஆறிய எஞ்சினில் மட்டத்தை இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும்.

மாற்றாமலே தள்ளிப்போட்டால்? சாலையில் முள் சிவப்பைத் தொட்டதும் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்டி எஞ்சினை அணைப்பவர் தப்பித்துக்கொள்கிறார். ஹீட்டருக்குள்ளும் ஒரு சிறு ரேடியேட்டர் இருக்கிறது. அது கொஞ்சம் சூட்டை இறக்கும். 'ஆரம்பாக்கம் தாண்டினால் மெக்கானிக் ஷெட் இருக்கிறது' என்று ஓட்டிக்கொண்டே போகிறவருக்கு ஹெட் பெண்டாகும், ஹெட் கேஸ்கட் எரியும், லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் போட வேண்டி வரும். பம்பின் விலை அந்தப் பில்லில் ஒரு ஓரத்தில் கிடக்கும். முள்ளை முழுக்க நம்பவும் கூடாது. கூலண்ட் மொத்தமும் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் ஒன்றும் நடக்காததுபோல் இறங்கிக் காட்டும். பல புதிய சிறு கார்களில் முள்ளே கிடையாது, நீலம், சிவப்பு என இரண்டு விளக்குகள் மட்டும்தான்.

பெல்ட் சுற்றும் பம்புக்கும் வயதாகிவருகிறது. பி.எம்.டபிள்யூ. 2004இல் தன் ஆறு சிலிண்டர் எஞ்சினில் மின்சார வாட்டர் பம்பை வைத்தது. மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் பெல்ட்டையே ஒழித்தது. மின்சாரக் காரில் எஞ்சினே இல்லை என்பதால் பம்பும் இல்லை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நெக்ஸான் இ.வி. போன்றவற்றில் பேட்டரியைச் சுற்றித் திரவம் ஓடுகிறது, அதை ஓட்டுவது பம்புதான். அங்கே ஆரஞ்சு நிற உறை போட்ட வயர்களில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் இருக்கும். வீட்டு ஸ்பானருக்கு அங்கே வேலையில்லை.

வடித்தெடுத்த பழைய கூலண்ட் டப்பில் மிச்சமிருக்கும். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் மாடும் நக்கிக் குடித்துவிடும், சிறுநீரகம் செயலிழந்து சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. தெருச் சாக்கடையில் கொட்டினால் ஏரிக்குத்தான் போகும். கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே 2020இல் சென்னைக் குடிநீருக்காகத் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் இருக்கிறது. தொழிற்சாலைகளின் அபாயக் கழிவைக் கையாளும் மையம் இதே சிப்காட்டில் உண்டு, ஆனால் அது தனிவீட்டுக்காரர்களின் டப்புக்காக வைத்ததல்ல. மூடி போட்ட கேனில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த தடவை சர்வீஸுக்குப் போகும்போது பழைய எஞ்சின் ஆயிலைச் சேர்த்து வைக்கும் ஷெட்டில் கேட்டுக் கொடுத்துவிடலாம்; ஆயிலோடு கலக்காமல் தனிக் கேனில் கொடுத்தால்தான் அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.